வெள்ளையாகப் போய் நீலமாக வந்த மீன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னை கொளத்தூரில் ஒரு வீட்டின் மொட்டை மாடிக்குக் கல்லூரி மாணவர் ஒருவர் கண்ணாடி பாட்டிலோடு ஏறி வந்தார். பாட்டிலுக்குள் ஒரு ஃபைட்டர் மீன். உடம்பு முழுக்கக் கருநீலம். கன்னத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. “அண்ணே, மூணு மாசத்துக்கு முன்னாடி உங்ககிட்ட வாங்கினப்ப இது வெள்ளை. அங்கங்க சிவப்புத் திட்டு இருந்துச்சு. இப்பப் பாருங்க. சாயம் ஏத்தி வித்துட்டாரான்னு வீட்ல கேக்கறாங்க” என்றார். வாங்கிய அன்று எடுத்த படமும் அவர் கைப்பேசியில் இருந்தது.

அந்தக் கேள்வியில் தப்பே இல்லை. கண்ணாடி மீனின் உடம்பில் ஊசியால் வண்ணம் ஏற்றி விற்கிற கொடுமை பல நாடுகளில் நடந்திருக்கிறது. படத்தையும் பாட்டிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வால் நரம்பில் இருந்த ஒரு பிளவு இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தது. மீன் அதேதான். சாயமும் இல்லை. ஆனால் தப்பு நடந்திருக்கிறது. விற்ற அன்று பையின் மேல் ‘ரெட் அண்ட் வைட் கோய்’ என்று எழுதியவன், அதன் தாயும் தகப்பனும் நிறம் மாறிக்கொண்டே இருக்கும் மார்பிள் ரகம் என்பதை எழுதவில்லை. எழுதியிருந்தால் அந்தப் பையன் மூன்று மாதம் குழம்பியிருக்க வேண்டியதில்லை.

பெயரைப் பாதியாக எழுதிய அந்த மாடிக்காரன்தான் இதை எழுதுபவன்.

அவன் இந்தத் தொழிலுக்கு வந்தது 1990களின் நடுவில். ரெட்டேரிக்குப் பக்கத்துத் தெருக்களில் வீட்டுக்கு வீடு சிமெண்ட் தொட்டி கட்டிக் கப்பியும் மோலியும் ஏஞ்சலும் வளர்த்துக்கொண்டிருந்த காலம். ஃபைட்டர் என்றால் புடவைத் தலைப்பு மாதிரி வால் தொங்குகிற மீன். இன்று வெயில்டெயில் என்கிறார்களே, அது. ஒரு ஆணுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். இரண்டை ஒன்றாகப் போட்டால் கடித்துக் குதறிவிடும். நிறத்துக்கு மூன்றே பெயர்கள்தான் இருந்தன: சிவப்பு, நீலம், மிக்ஸ். மொத்த வியாபாரி வரிசையாக நடந்து வந்து, “சிவப்பு முப்பது, நீலம் இருபது, மீதி மிக்ஸு” என்று எண்ணிக்கொண்டு போவார். மிக்ஸுக்கு விலை குறைவு. அந்த மிக்ஸ் பாட்டில்களுக்குள் கம்போடியனும் பட்டர்ஃபிளையும் மார்பிளும் இருந்திருக்கின்றன என்பது அவனுக்குப் பத்து ஆண்டுகள் கழித்துத்தான் உறைத்தது.

பிறகு தாய்லாந்திலிருந்து பார்சல்கள் வரத் தொடங்கின. உள்ளங்கை அகலப் பையில் ஒவ்வொரு மீனாகக் கட்டி, பையின் மேல் ஒட்டுக்காகிதத்தில் இரண்டு பெயர்கள் எழுதியிருக்கும். முதல் பெயர் வாலுக்கு. எச்.எம். என்றால் ஹாஃப்மூன், வாலை விரித்தால் பாதி நிலா போல 180 பாகை நிற்க வேண்டும். சி.டி. என்றால் இந்தோனேசியாவில் உருவான கிரவுன்டெயில். வால் நரம்புகள் சீப்புப் பல்லாக நீண்டிருக்கும். பி.கே. என்றால் குட்டை வால் பிளாக்காட். தாய்லாந்து மொழியில் அதற்குக் ‘கடிக்கிற மீன்’ என்று பொருள். வால் பெயரைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். இரண்டாவது பெயர் நிறத்துக்கு. காப்பர், மஸ்டர்ட் கேஸ், சாலமாண்டர், ஹெல்பாய், நெமோ, கேலக்ஸி என்று அது போய்க்கொண்டே இருந்தது. அதை அவன் இன்னமும் கற்றுக்கொண்டிருக்கிறான்.

பெயர்க் குழப்பம் இந்த மீனுக்குப் பிறந்ததிலிருந்தே உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சயாம் அரசரிடமிருந்து கைமாறி வந்த சில மீன்களை வைத்து, தியோடர் காண்டோர் என்ற டேனிஷ் மருத்துவர் 1849இல் இதை ‘பக்னாக்ஸ்’ என்ற இனப்பெயரில் பதிவு செய்தார். அந்தப் பெயர் இன்னொரு பீட்டா இனத்துக்கு உரியது என்பதைக் கண்டு, 1910இல் சார்லஸ் டேட் ரீகன் ‘பீட்டா ஸ்ப்ளெண்டென்ஸ்’ என்று புதிதாகப் பெயரிட்டார். அறுபது ஆண்டுகள் மீன் வேறொன்றின் பெயரோடு திரிந்தது. காட்டு வயல்களில் கிடைக்கும் அதன் மூல வடிவம் ஆடம்பரமானதல்ல. பழுப்பேறிய உடம்பு, செதில் வரிசைகளில் கொஞ்சம் பச்சை மினுக்கு, துடுப்பில் சிவப்பு. இன்று பாட்டில்களில் மின்னுகிற அத்தனை நிறமும் அந்தப் பழுப்பு மீனிலிருந்து மனிதர் பொறுக்கி எடுத்தவை. ஆயிரம் ஆண்டுகளுக்குக் குறையாமல் இந்தப் பொறுக்கல் நடந்திருக்கிறது என்று 2022இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

ஃபைட்டரின் நிறத்தை ஒரே பூச்சாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. வளர்ப்பாளர்கள் அதை நான்கு அடுக்காகப் பிரித்துப் பார்ப்பார்கள்: மஞ்சள், சிவப்பு, கறுப்பு, இவற்றுக்கெல்லாம் மேலே மினுக்கு. முதல் மூன்றும் நிறமிகள். நான்காவது அப்படியல்ல. நீலச் சாயம் என்று ஒன்று ஃபைட்டரின் உடம்பில் கிடையாது. தோலில் இருக்கும் குவானைன் படிகத் தகடுகள் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதத்தில்தான் நீலமும் பச்சையும் தெரிகின்றன. மயில் கழுத்தை நிழலில் பார்த்தால் மங்குவதும், வெயிலில் திரும்பினால் பற்றி எரிவதும் இதே வகைதான். ஆகவே ஒரு ஃபைட்டரைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த அடுக்கு இருக்கிறது, எந்த அடுக்கு இல்லை என்பது. சிவப்பு அடுக்கு மஞ்சளாக மாறிவிட்ட மீன் மஞ்சள் ஃபைட்டர். உடம்பில் கறுப்பு விலகி, துடுப்பில் மட்டும் சிவப்பு தங்கிய மீன் கம்போடியன். எல்லா அடுக்கும் வற்றிப்போய்த் தோல் வழியே சதையின் இளஞ்சிவப்பு தெரிகிற மீன் செலோஃபேன். இதைப் பல கடைகளில் ‘பிங்க்’ என்று விற்கிறார்கள்.

பார்க்கிற முறையும் இருக்கிறது. அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் மூன்று தெரு தள்ளிப் பண்ணை வைத்திருந்த ஒரு பெரியவர். “சாயங்காலம் பல்பு வெளிச்சத்துல பேர் வைக்காதப்பா. காலையில ஏழு மணிக்கு வா, டார்ச் எடுத்துட்டு வா” என்பார். குண்டு பல்பின் மஞ்சள் ஒளியில் பழுப்புகூடச் சிவப்பாகத் தெரியும். மீனுக்காகப் பாதாம் இலை ஊறப்போட்ட தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். அதில் வெள்ளை மீன் மஞ்சளாகத் தெரியும். ஆகவே மீனை முதலில் தெளிந்த தண்ணீர் உள்ள சதுரக் கண்ணாடித் தொட்டிக்கு மாற்ற வேண்டும். வட்ட பாட்டில் நிறத்தையும் உருவத்தையும் வளைத்துக் காட்டும். பத்து நிமிடம் விட வேண்டும், பயம் தெளியட்டும் என்று. பயந்த ஃபைட்டரின் நிறம் வெளுத்து, உடம்பில் கிடையாகக் கருங்கோடுகள் எழும். பெண்ணுக்குக் கோடுகள் செங்குத்தாக விழுந்தால் அது பயமில்லை, முட்டைக்குத் தயாரானதன் அறிகுறி. இந்த இரண்டையும் ‘வரி போட்ட புது ரகம்’ என்று வாங்கிவந்து ஏமாந்தவர்களை அவன் பார்த்திருக்கிறான்.

பயம் தெளிந்த பிறகு முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைத் தொட்டியை ஒட்டிக் காட்ட வேண்டும். எதிரி வந்துவிட்டதாக எண்ணி ஆண் மீன் செவுளை விரித்து, வாலைப் பிரித்து நிற்கும். மடிப்பில் ஒளிந்திருந்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். நீல மீனின் வயிற்றுத் துடுப்பில் சிவப்புக் கசிந்திருந்தால் கண்ணாடி காட்டிய அந்த நொடியில் தெரியும். நீலம் என்று எழுதப் போன பேனா ‘நீலம், சிவப்புக் கசிவு’ என்று எழுதும். ஒரு நிமிடம் போதும். அதற்கு மேல் நிறுத்தினால் மீன் களைத்துவிடும். கடைசியாக டார்ச். மேலிருந்து சாய்வாக அடித்தால் கறுப்பென்று நினைத்த மீனின் தோளில் பச்சை மின்னும், வெள்ளை என்று நினைத்ததில் செம்புப் பொடி தெரியும்.

டார்ச்சிலும் ஏமாறலாம். ஒரு முறை ஒரு கடையில் ‘காப்பர்’ என்று சொல்லப்பட்ட ஆறு மீன்களை அவன் நல்ல விலை கொடுத்து வாங்கினான். டார்ச் அடித்தால் உடம்பெல்லாம் தங்கத்தூள். நான்கு நாளில் இரண்டு செத்தன. அந்தத் தூள் நிறமல்ல, வெல்வெட் என்கிற ஒட்டுண்ணி நோய். உண்மையான காப்பரில் மினுக்கு ஒவ்வொரு செதிலின் வடிவத்தையும் ஒட்டி, ஓட்டு வரிசை மாதிரி ஒழுங்காக இருக்கும். வெல்வெட்டோ செதில், துடுப்பு, கண் என்று பேதமில்லாமல் மாவு தூவியதுபோல் படிந்திருக்கும். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மீன் அடித்தரையில் உடம்பைத் தேய்க்கும். அன்றிலிருந்து எந்தப் புது காப்பரையும் இரண்டு வாரம் தனியே வைத்துத்தான் அவன் பெயர் எழுதுகிறான்.

நீலத்துக்கு வருவோம். ஃபைட்டர் வளர்ப்பில் அவனுக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. கொளத்தூரில் ‘புளூ’ என்று ஒற்றைப் பெயரில் போகிற மீனுக்குள் மூன்று மீன்கள் இருக்கின்றன. டார்ச்சில் பச்சை கலந்து மின்னினால் டர்காய்ஸ். கண்ணைப் பறிக்கிற அடர்நீலம் ராயல். சாம்பல் படர்ந்த, எஃகு மாதிரி நீலம் ஸ்டீல். 1990களின் கடைசியில் அவன் அழகான இரண்டு ராயல் நீலங்களை ஜோடி போட்டான். ஆண் நுரைக்கூடு கட்டியது, முட்டைகளை ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கிக் கூட்டில் ஒட்டியது, ஒன்றரை நாளில் குஞ்சு பொரிந்தது. மூன்று மாதம் கழித்துப் பாட்டில் பிரித்தபோது பாதி மீன்கள்தான் ராயல். கால் பங்கு பச்சை, கால் பங்கு சாம்பல். யாரோ வேறு குஞ்சைத் தொட்டியில் கலந்துவிட்டார்கள் என்று வீட்டில் எல்லோரிடமும் கோபித்துக்கொண்டான்.

யாரும் எதையும் கலக்கவில்லை. ராயல் நீலம் என்பது ஒரு கலவை நிலை. ஒரு பக்கத்திலிருந்து டர்காய்ஸ் மரபணுவும் மறுபக்கத்திலிருந்து ஸ்டீல் மரபணுவும் வந்து சேர்ந்தால்தான் ராயல் பிறக்கும். இரண்டு ராயலைச் சேர்த்தால் நான்கில் ஒன்று டர்காய்ஸ், இரண்டு ராயல், ஒன்று ஸ்டீல் என்றுதான் பிரியும். எல்லாக் குஞ்சும் ராயலாக வேண்டுமென்றால் ராயலைத் தொடவே கூடாது. ஒரு டர்காய்ஸையும் ஒரு ஸ்டீலையும் ஜோடி போட வேண்டும். குட்ரிச், மெர்சர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1934இலேயே ஃபைட்டரின் நிறமரபைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஹென்றி வால்பிரன் 1958இல் அதை இன்னும் விரிவாக எழுதினார். கொளத்தூர் மாடியில் ஒருவன் வீட்டாரோடு சண்டை போடுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே விடை அச்சாகியிருந்தது. ‘புளூ’ என்று பொதுவாக எழுதாமல் மூன்றையும் பிரித்து எழுதியிருந்தால், தன் நோட்டிலிருந்தே அவன் அதைக் கண்டுபிடித்திருக்கலாம்.

கறுப்பு அதைவிடக் கடுமையாகப் பாடம் நடத்தியது. மெலனோ என்று ஒரு கறுப்பு உண்டு. அடுப்புக்கரி நிறம், மினுக்கே இல்லாமல் வெல்வெட் துணிபோல் இருக்கும். ஒரு ஜோடி கிடைத்ததும் அவன் கறுப்புக்குக் கறுப்பு என்று சேர்த்துவிட்டான். ஆண் அணைத்தது, பெண் முட்டை விட்டது, ஆண் பொறுக்கியது. மறுநாள் எல்லா முட்டையும் வெள்ளை பூத்துப் போயிற்று. தண்ணீரை மாற்றினான், மெத்திலின் புளூ மருந்து விட்டான், ஆணை மாற்றினான். ஆறு மாதத்தில் ஐந்து முறை இதே கதை. மெலனோ பெண்ணின் முட்டை உயிர் பிடிப்பதில்லை என்பதை அவன் அப்போது அறிந்திருக்கவில்லை. கறுப்பு வேண்டுமென்றால் மெலனோ ஆணை, கறுப்பு மரபணுவை மறைவாகச் சுமக்கிற ஸ்டீல் நீலப் பெண்ணோடு சேர்க்க வேண்டும். குஞ்சுகளில் பாதி கறுப்பாகும். அந்தப் பெண்ணைப் பார்த்தால் வெறும் நீல மீன். கண்ணுக்குத் தெரிகிற பெயரை மட்டும் எழுதிவைக்கிறவன் அவளை ‘ஸ்டீல்’ என்று விற்றுவிடுவான். ‘ஸ்டீல், தகப்பன் மெலனோ’ என்று எழுதுகிறவன் வைத்துக்கொள்வான். பிளாக் லேஸ் என்ற இன்னொரு கறுப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் பெண் முட்டை பொரிக்கும், துடுப்பு ஓரம் மட்டும் கண்ணாடிபோல் வெளிறியிருக்கும். இரண்டையும் ‘பிளாக்’ என்று ஒரே பலகையில் எழுதுவதை அவனால் இன்றும் ஏற்க முடியவில்லை.

நிறம் ஒரு கேள்வி என்றால், அது எந்த இடத்தில் நிற்கிறது என்பது அடுத்த கேள்வி. பட்டர்ஃபிளையில் உடம்பு ஒரே நிறம். துடுப்புகள் மட்டும் நடுவில் கோடு கிழித்தாற்போல் இரண்டாகப் பிரிந்திருக்கும். உடம்பை ஒட்டிய பாதி ஒரு நிறம், வெளிப்பாதி வெள்ளை அல்லது கண்ணாடி. அந்தக் கோடு துடுப்பின் சரிபாதியில், முதுகு, வால், அடி என மூன்றிலும் ஒரே சீராக ஓடினால் உயர்தரம். 1966இல் தொடங்கிய சர்வதேச பீட்டா காங்கிரஸின் போட்டி நடுவர்கள் இந்தக் கோட்டைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். சந்தையில் இங்கும் ஒரு பிசகு நடக்கும். வால் கிழிந்த மீனுக்குப் புது வால் வளரும்போது ஓரம் கொஞ்ச நாள் நிறமில்லாமல் கண்ணாடியாக இருக்கும். அதையும் பட்டர்ஃபிளை என்று விற்பார்கள். உற்றுப் பார்த்தால் கோடு நேராக இருக்காது, கிழிந்த வழியே வளைந்து போகும். சில வாரத்தில் நிறம் ஏறிக் கோடே காணாமல் போய்விடும்.

மார்பிளுக்குக் கோடே கிடையாது. திட்டுத் திட்டாக உடம்பிலும் துடுப்பிலும் எங்கு வேண்டுமானாலும் இறங்கும். இது பிறந்த இடம் ஒரு சிறைச்சாலை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலச் சிறையில் இருந்த ஆர்வில் கல்லி என்ற கைதி, கறுப்பு பட்டர்ஃபிளையை உருவாக்கிவிட வேண்டும் என்று அங்கேயே மீன் வளர்த்துக்கொண்டிருந்தார். அவர் பாட்டில்களில் வந்தது கறுப்பும் வெள்ளையும் கலந்த திட்டு மீன். அந்தக் கொடிவழிதான் உலகமெங்கும் பரவியது. மார்பிளின் விசித்திரம், அது ஓரிடத்தில் நிற்பதில்லை. மரபணுவின் ஒரு துண்டு இடம்விட்டு இடம் தாவுவதால் சில செல்களில் நிறம் அணைகிறது, சிலவற்றில் மறுபடி பற்றிக்கொள்கிறது என்றே வளர்ப்பாளர்கள் கருதுகிறார்கள். வெள்ளை மக்காச்சோளத்தில் ஊதாப் புள்ளி விழுவதற்கும் இத்தகைய தாவலே காரணம். அதைக் கண்டுபிடித்த பார்பரா மெக்ளிண்டாக் 1983இல் நோபல் பரிசு பெற்றார்.

ஜப்பானியக் கெண்டையின் பெயரைச் சூடிக்கொண்ட கோய், ஆரஞ்சு திட்டுப் போட்ட நெமோ, நீலச் செதில்கள் சிதறிய கேலக்ஸி, எல்லாம் இந்த மார்பிளின் பேரப்பிள்ளைகள். நெமோ என்ற பெயர் 2003இல் வந்த படத்தின் கோமாளி மீனிலிருந்து வந்தது. குழந்தைகள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். பெயர் இனிமையாக இருப்பதில் அவனுக்கு வருத்தமில்லை. அந்த இனிமைக்குப் பின்னால் ‘மார்பிள்’ என்ற சொல் மறைந்துபோவதுதான் வருத்தம். கோய் என்று வாங்குகிறவர் ஒரு ஓவியத்தை வாங்குவதாக நினைக்கிறார். வாங்குவது உயிருள்ள, நாளுக்கு நாள் மாறுகிற ஒன்று. அந்த மாணவரிடம் இதைத்தான் அன்று மாடியில் உட்காரவைத்துச் சொன்னான். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றும் சொன்னான். மாணவர் பாட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இன்னும் மாறுமா அண்ணே?” என்று கேட்டார். மாறலாம் என்றதும் மீனை எடுத்துக்கொண்டு போனார்.

டிராகன் வேறு கதை. செதில்கள் தடித்து, வெள்ளி உலோகம்போல் உடம்பை மூடியிருக்கும். சிவப்புத் துடுப்போடு அது நிற்கையில் கவசம் போட்ட வீரன் மாதிரி இருக்கும். ரெட் டிராகனுக்கு வாங்குவோர் எப்போதும் உண்டு. ஆனால் இந்தத் தடித்த பூச்சு சில மீன்களில் வயதாக ஆகக் கண்ணின் மேலும் படர்கிறது. முதலில் ஒரு ஓரம் வெண்மை, பிறகு முழுக் கண். பார்வை போன மீன் தீனிக்குத் தடுமாறும். கண்ணாடி காட்டினால் செவுள் விரிக்காது. சந்தையில் இதற்கும் ‘டைமண்ட் ஐ’ என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு குறைக்கு வைரம் என்று பெயரிட்டதும் அதற்கும் விலை கூடிவிட்டது. கண்ணில் வெள்ளை ஏறிய எந்த டிராகனையும் அவன் ஜோடி போடுவதில்லை. நோட்டில் ‘கண் மறைப்பு’ என்றே எழுதுகிறான்.

மஸ்டர்ட் கேஸ் என்ற பெயரிலும் அவனுக்கு உடன்பாடில்லை. நீலமோ பச்சையோ உடம்பு, மஞ்சள் துடுப்பு. பார்க்க வெகு அழகான இருநிற மீன். முதல் உலகப் போரில் வீரர்களின் தோலையும் கண்ணையும் நுரையீரலையும் பொசுக்கிய நச்சுவாயுவின் பெயர் அதற்கு எதற்கு? அவன் மாடியில் அதன் பெயர் ‘நீல உடல், மஞ்சள் துடுப்பு’. உடம்பு பழுப்பாக இருந்தால் அதுவே சாக்லேட். அந்தப் பெயரில் குறையில்லை.

பெயருக்கு விலை உண்டு என்பதை 2016 நவம்பரில் உலகம் பார்த்தது. தாய்லாந்தில் சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைகள் அந்நாட்டுக் கொடிபோல் அமைந்த ஒரு ஃபைட்டர் இணைய ஏலத்தில் 53,500 பாட்டுக்குப் போனது. 2019இல் அந்நாட்டு அரசு ஃபைட்டரைத் தேசிய நீர்வாழ் உயிராக அறிவித்தது. கொடி மீனின் படம் கொளத்தூருக்கு வந்துசேர்ந்ததும், சிவப்பும் நீலமும் கொஞ்சம் வெள்ளையும் இருந்த ஒவ்வொரு மார்பிளும் ‘தாய் ஃபிளாக்’ ஆனது. அவனும் அப்படி நான்கைந்து மீன்களை விற்றான். அவற்றில் ஒன்றிலாவது பட்டை நேராக இருந்ததா என்று கேட்டால், இல்லை.

மாணவர் வந்துபோன பிறகு அவன் நோட்டின் பத்திகளை மாற்றிக் கோடு போட்டான். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு எண். எண்ணுக்கு எதிரே முதலில் உடம்பின் நிறம், அடுத்து துடுப்பின் நிறம், அடுத்து நிறம் நிற்கும் முறை, பிறகு டார்ச்சில் தெரிந்த மினுக்கு, கடைசியாகத் தாய் தகப்பன் எண்கள். சந்தைப் பெயர் பென்சிலில் எழுதப்படும், மாறக்கூடியது என்பதால். மூன்று மாதம் ஆகும்வரை எந்தக் குஞ்சுக்கும் பெயர் கிடையாது. ஒரு மாதக் குஞ்சுகள் எல்லாம் சாம்பலாக, பக்கவாட்டில் இரண்டு கோட்டோடு ஒன்றுபோலவே இருக்கும். மஞ்சள் என்று நினைத்தது ஆரஞ்சாகும், வெளிறியது நீலமாகும். மார்பிள் கொடிவழியில் வந்தது எவ்வளவு தூய வெள்ளையாக இருந்தாலும் ‘மார்பிள், தற்போது வெள்ளை’ என்றுதான் எழுதப்படும். பையின் மேலும் அப்படித்தான். இப்படி எழுதத் தொடங்கியதில் இரண்டு மொத்த வியாபாரிகள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ‘தற்போது’ என்று எழுதினால் மீன் விற்காது என்பது அவர்கள் கட்சி. ஆனால் சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் புதிதாக வளர்க்கத் தொடங்குகிறவர்கள் அந்த வரிக்காகவே தேடி வருகிறார்கள். ஜோடி போடுகிறவனுக்கு மீனைவிட அந்த வரி முக்கியம்.

வாங்குகிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடையில் ஃபைட்டரின் நிறப்பெயரைக் கேட்ட பிறகு, அதன் தாய் தகப்பன் என்ன நிறம் என்றும் கேளுங்கள். தெரியாது என்று சொன்னால் அதில் தப்பில்லை. வெளுத்த மீனாக இருந்தால் மார்பிள் என்று வைத்துக்கொண்டு வாங்குங்கள், கண்ணை டார்ச்சில் பாருங்கள், வாங்கிய அன்றே ஒரு படம் எடுத்து வையுங்கள். விற்கிற தோழர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: பையின் மேல் இடமிருக்கிறது, பெற்றோரின் நிறத்தையும் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.